நாற்பது பாகம் கயிறு

அந்த அருவியை நான் பார்த்ததில்லை. பார்க்கிற ஆசையும் இல்லை. ஆனால் அதன் உயரத்துக்காக எங்கள் வீடு ஏழெட்டு மாதம் பட்ட பாட்டை எழுத இன்று என்னைத் தவிர ஆள் கிடையாது. மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மண் ரோட்டில் எங்கள் வீடு. சுற்றிலும் வயலை மனையாகப் பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பல்லாவரத்தில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். என் தம்பி கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குப் பட்டறையை மூன்று நாள் மூடுவார்கள். அந்த லீவில் அவனும் கூட வேலை செய்யும் சிநேகிதன் ஒருவனும் எங்காவது மலை ஏறப் போவார்கள். ஒரு வருஷம் கல்வராயன் மலைக்குள் போனார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து அரை நாள் நடை. அங்கே ஓர் அருவி. மலைக்காரர்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, பெரிய தண்ணி என்பார்களாம்.

திரும்பி வந்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. சிநேகிதன் எங்கிருந்தோ ஒரு சுற்றுலாத் துண்டுத்தாள் கொண்டுவந்தான். அதில் சுமார் நானூறு அடி என்று போட்டிருந்தது. அங்கே பார்த்த காட்டிலாகா கார்டு நூற்றைம்பது அடி என்று சொல்லியிருந்தார். வழிகாட்ட வந்த மலைக்காரர் ஏழு பனை உயரம் என்றாராம்.

"மேல ஒரு பனமரம் கூடக் கெடையாதுக்கா. அப்புறம் இன்னாத்த வெச்சு அந்தாளு ஏழு பனைன்னாரு?" என்று சிநேகிதன் என்னிடம் கேட்டான்.

"நீ நானூறுன்னு சொல்றியே, நீ என்னத்த வெச்சு சொல்ற?" என்றான் தம்பி.

"அச்சு போட்டுகீறான்டா. பொய்யா போடுவான்?"

"போடுவான்."

அடுத்த வருஷம் போய் அளப்பது, யார் சொன்ன எண் அளவிலிருந்து அதிகம் தள்ளி இருக்கிறதோ அவன் மீசையை மழித்துக்கொள்வது என்று பந்தயம். தம்பி இருநூறு என்றான். இவ்வளவுதான் விஷயம். எவனோ ஒருவன் போய்ப் பார்க்காமலே நானூறு என்று அச்சடித்தான். அவன் கையை உடைக்க வேண்டும் என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் தம்பி தாம்பரம் மார்க்கெட்டில் தேங்காய் நார்க் கயிறு வாங்கினான். அந்தக் காலத்தில் கயிற்றைக் கடைக்காரர் கையால்தான் அளந்து கொடுப்பார். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். அப்படி நாற்பது பாகம். அவர் அளந்துகொண்டே எண்ண, இவனும் கூடவே எண்ணினானாம்.

அளந்த விதம் எளிதானது. அருவியின் ஓரத்தில் ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். தம்பி அதன் மேல் படுத்துக்கொண்டு, நுனியில் கல் கட்டிய கயிற்றை இறக்கினான். கீழே மடுவின் கரையில் சிநேகிதன் நின்றான். தண்ணீர் சத்தத்தில் குரல் கேட்காது. கல் தரையைத் தொட்டதும் அவன் சிவப்புத் துண்டை வீச வேண்டும். வீசினான். தம்பி கையில் அப்போது கொஞ்சம்தான் மீதி இருந்தது. அதைப் பேனாக்கத்தியால் அறுத்து அங்கேயே ஒரு மரத்தில் கட்டிவிட்டு, மற்றதை இழுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். ஆக, அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த கயிறுதான் அந்த அருவியின் உயரம். ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வந்து குளிக்கக்கூட இல்லை. அப்பாவிடம் போய், "இருநூத்தி நாப்பது அடிப்பா" என்றான்.

அப்பா பேப்பரை மடிக்காமலே கேட்டார். "எதால அளந்த?"

"கயிறால. நாப்பது பாகம் வாங்கினேன், கிட்டத்தட்ட எல்லாம் எறங்கிடுச்சு. ஒரு பாகத்துக்கு ஆறடி போட்டேன்."

"யாரோட பாகம்?"

"கடைக்காரரோடது."

"கடைக்காரர் ஆறடி ஆளா?"

அந்தக் கடைக்காரர் தம்பியின் தோளுக்குத்தான் வருவார்.

"அப்ப நீ அளந்தது அருவிய இல்ல. அந்தாளு கைய" என்றார் அப்பா.

அப்பா அப்படித்தான். விடை சரியாக இருந்தாலும் பக்கத்தில் அடி என்றோ மைல் என்றோ எழுதாவிட்டால் பூஜ்யம் போடுகிறவர். தம்பி சிரித்துக்கொண்டே, மனை அளக்கிறவர்களிடம் நூறடி டேப் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் கயிற்றை ரோட்டில் நீட்டி அளந்துவிடலாம், ஒரு முனையை மட்டும் நீங்கள் பிடியுங்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமை டேப்பையும் வாங்கி வந்தான். அப்பா படுத்திருந்தார்.

"ஒனக்கு வேற வேலை இல்ல. எனக்கு அப்படியா?" என்றார்.

அவருக்கும் வேறு வேலை இல்லை. ரிடையரானவர். நான் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு நாள் கம்பெனியில் அளந்து வெட்டிவிட்டு ஏழாம் நாளும் அளக்க எனக்கு மனசு வரவில்லை. தம்பி டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கயிற்றைக் குளியலறைப் பக்கத்துச் சுவரில் மாட்டினான்.

அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இறங்கும், மறுநாள் நடுக்கத்தோடு ஏறும். மலைக் காய்ச்சல். பதினோரு நாள். கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். கயிற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

காய்ச்சல் மூன்றாம் நாள் கிணற்றுக் கயிறு அறுந்துபோனது. நெற்றிக்குத் துணி நனைக்க, காய்ச்ச, துவைக்க, நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். சுவரில் புதுக் கயிறு தொங்கியது. அரிவாள்மனையை எடுத்து வேண்டிய அளவு வெட்டி ராட்டினத்தில் போட்டேன். யோசிக்கவே இல்லை. கிணறு இருக்கும் எந்த வீட்டில் புதுக் கயிற்றைச் சும்மா தொங்க விடுவார்கள்? ஐந்தாம் நாள் போர்வைகளைக் காயப்போடக் கொடி போதவில்லை. இன்னொரு துண்டு வெட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா, எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர், மாட்டைக் கட்டத் தும்புக் கயிறு கேட்டார். அவர்கள் சேலையூரின் பழைய குடும்பம். வயல் எல்லாம் மனையாகிப் போய், மிஞ்சியது இரண்டு மாடு. ஒரு பைசா வாங்காமல் தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் அம்மா ஒரு துண்டு கொடுத்தாள். நான்தான் வெட்டினேன்.

அவன் போனது ஐப்பசி மழையில். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் காலையிலேயே ஆள் அனுப்பினார். பெட்டி இறக்குகிற கயிறு இற்றுப்போயிருக்கிறது, வீட்டில் நல்லதாக இருந்தால் கொண்டுவரச் சொல்லி. தம்பி உயரமானவன், பெட்டி கனம். நான் உள்ளே போய் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பத்து வருஷம் கழுத்தில் டேப்போடு திரிந்தவள். அளந்து வெட்டவில்லை. கண்ணால் பார்த்துக்கூட வெட்டவில்லை.

பெட்டியை இறக்கிய பிறகு கயிற்றை உருவ வேண்டும். தலைப்பக்கத்துக் கயிறு வந்துவிட்டது. கால்பக்கத்துக் கயிறு சேற்றில் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. குழி வெட்டுகிறவர் இழுத்தார். பெட்டி அசைந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி அசைந்தது. உள்ளே அவன் ஆடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. அம்மா முகத்தைப் பார்த்தேன்.

"விட்டுடுங்க" என்றேன்.

"நல்ல கவுறும்மா."

"கயிறு வேணாம். விடுங்கன்னேன்."

கையில் பிடித்திருந்த இரண்டு நுனியையும் அவர் குழிக்குள் போட்டார். அப்பா அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருந்தார். அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். ஓர் உறவுக்காரர் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, காட்டில் சுற்றினால் இப்படித்தான் என்று அப்பா காதுபடவே சொன்னார். அவரை வெளியே போகச் சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டார் எங்களோடு பேசவில்லை. நிம்மதி.

ஒரு மாதம் கழித்து அப்பா ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார். காட்டிலாகாவுக்கு ஒன்று, வரைபடம் போடுகிற ஆபீசுக்கு ஒன்று, துண்டுத்தாள் அச்சடித்தவர்களுக்கு ஒன்று. இன்ன இடத்தில் உள்ள அருவியின் உயரம் இருநூற்று நாற்பது அடி, என் மகன் அளந்தான், பதிவு செய்துகொள்ள வேண்டும். யாருடைய பாகம் என்று கேட்டவர், இப்போது அந்த எண்ணையே எழுதினார்.

இரண்டு பதில் வந்தன. வரைபட ஆபீஸ், அந்த அருவி அளக்கப்பட்டதில்லை என்றது. காட்டிலாகா, தங்கள் குறிப்பில் சுமார் நூற்றைம்பது அடி என்று உள்ளது, தங்கள் மகன் எந்த முறையில் எதைக் கொண்டு அளந்தார் என்று கேட்டிருந்தது. நானூறு என்று அச்சடித்தவர்கள் பதிலே போடவில்லை.

அப்பா காட்டிலாகாவின் கடிதத்தை உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். அவர் தம்பியிடம் கேட்டதையேதான் அவர்கள் அவரிடம் கேட்டிருந்தார்கள். அப்புறம் எழுந்து குளியலறைச் சுவருக்குப் போனார்.

"கயிறு எங்க? இவ்வளவுதான் இருக்கு."

சொன்னேன். கிணறு, கொடி, மாடு, குழி வெட்டுகிறவரிடம் ஒன்று. அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"எல்லாத்தையும் எடு" என்றார்.

எடுத்தேன். ராட்டினத்திலிருந்து கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் கயிறு இரவல் வாங்கித் தண்ணீர் இறைத்தோம். மாட்டுத் தும்பைக் கேட்கப் போனபோது அந்த அம்மா முறைத்தார்.

"இன்னாம்மா, குட்த்த கவுற திருப்பிக் கேக்குற? மாடு இன்னா உங்க வூட்டு ரோசாச் செடியையா தின்னுச்சு?"

எதற்கு என்று சொன்னதும் மாட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். "சாணி கீது, கழுவிட்டு அள" என்றார். குழி வெட்டுகிறவர் உருவியெடுத்த அந்த ஒரு துண்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அதையும் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே போய் மனைக்காரர்களிடம் டேப் வாங்கி வந்தார். வெள்ளை வேட்டி, கோயிலுக்குப் போன சட்டை. ரோட்டில் துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினோம். ஒரு முனையில் அவர் குந்தியிருந்தார், மறு முனையில் நான். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் என்ன என்று கேட்கவில்லை. சேலையூர் முழுக்கத் தெரிந்திருந்தது போலும்.

சுவரில் மிஞ்சியிருந்தது எழுபத்து நான்கு அடி. கொடி இருபத்தாறு. மாட்டுக் கயிறு பன்னிரண்டு. குழிக் கயிறு பதினெட்டு. கிணற்றுக் கயிறு நாற்பத்து மூன்று.

"கெணத்துல ஊறின கயிறு நீண்டிருக்குமே" என்றேன்.

"ரெண்டடி கழிச்சுட்டேன்."

அப்பா கூட்டினார். நூற்று எழுபத்தொன்று. மறுபடி கூட்டினார். முட்டியில் மண்ணோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கயிற்றுக் கடைக்குப் போய்க் கடைக்காரரைக் கையை விரிக்கச் சொல்லி அளந்தார். நானும் கூடப் போயிருந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம்.

"சாரே, காலைல அளந்தா இது. சாயங்காலம் கை ஓய்ஞ்சி பூட்டா கொறையும்" என்றார் கடைக்காரர். "ஒங்க புள்ளதான, நெட்டையா இருப்பாரே? கூடவே எண்ணினாரு. ஒண்ணு உட்டாலும் உடமாட்டாரு."

நாற்பது பாகத்துக்கு இருநூற்று ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போகும் வரை நின்றோம். அப்பா சொன்னார், "இருநூத்தேழு வித்தான். நூத்தி எழுபத்தொண்ணு இருக்கு. மரத்துல கட்டினது கொஞ்சம்தான்னு சொன்னான். முப்பத்தாறடிய கொஞ்சம்னு சொல்லுவானா? அப்ப அவன் எங்கிட்ட பொய் சொல்லிட்டான். கல்லு கீழ தொட்டிருக்காது. பாதியில ஒரு பாறை மேல நின்னிருக்கும். கீழ நின்னவன் சும்மா துண்டு வீசினதப் பார்த்து இவன் நம்பிட்டு வந்திருக்கான். இல்ல, பெரிசா இருக்கட்டும்னு கூட்டிச் சொல்லியிருக்கான்."

செத்தவனைப் பொய்யனாக்கிக்கொண்டிருந்தார். இதுவரை நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. எல்லாத் துண்டையும் சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. அவர் தாங்க மாட்டார் என்று நினைத்ததாகச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. வெட்டியதும் நான், விடச் சொன்னதும் நான். அதனால்தான் சொல்லவில்லை.

"அவன் பொய் சொல்லல. இன்னொரு துண்டு இருக்கு" என்றேன்.

"எங்க?"

"அவன் பெட்டிக்கு அடியில."

கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்பா நகரவில்லை. நான் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். சேற்றில் மாட்டியதையும் பெட்டி அசைந்ததையும் சொன்னேன்.

"எவ்வளவு நீளம்?" என்றார்.

"தெரியாது."

"மத்ததும் பதினெட்டா?"

"தெரியாதுப்பா. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. எது எதுன்னு பார்க்கல."

அவர் அங்கேயே நின்று விரலை மடக்கினார். குழி இத்தனை ஆழம், பெட்டி இத்தனை அகலம், மேலே பிடிக்க இத்தனை. பாதியில் விரல் நின்றுவிட்டது.

வீட்டில் அம்மா, அவன் சொன்னபடி இருநூற்று நாற்பது என்றே எழுதுங்கள் என்றாள். "எம்புள்ள சொன்னது. அதுக்கு மேல ஒங்களுக்கு என்ன அளவு?" அப்பா மாட்டேன் என்றார். தப்பான விடையை அவனுக்காகக்கூட எழுத முடியாது, எழுதினால் அவனே சிரிப்பான் என்றார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

காட்டிலாகாவுக்குப் பதில் எழுதினார். அளந்த முறை, கயிறு, கடைக்காரர் கை, ஒவ்வொரு துண்டின் நீளம், கிணற்றுக் கயிற்றுக்குக் கழித்தது. கடைசியில்: உயரம் நூற்று எழுபத்தோர் அடிக்குக் குறையாது, இருநூற்று ஏழு அடியைத் தாண்டாது. இடைவெளிக்குக் காரணம், ஒரு துண்டு கயிறு கிடைக்கவில்லை.

பல இடத்தில் அடித்துத் திருத்தியிருந்ததால் நல்லபடியாக எழுதித்தர என்னிடம் கொடுத்தார்.

"கிடைக்கலன்னு ஏன் எழுதணும்? எங்க இருக்குன்னு தெரியுமே" என்றேன்.

"ஆபீசுக்கு அது எதுக்கு?"

"அவன் அளந்தது சரின்னு தெரியணும்னா அதுதான் வேணும். காணாமப் போச்சுன்னா எவன் நம்புவான்?"

"நான் எழுதினத எழுது."

எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். மீதித் துண்டு, அளந்தவனின் சவப்பெட்டிக்கு அடியில் உள்ளது, அவன் அக்கா அதை அளக்காமல் வெட்டிவிட்டாள் என்று எழுதினேன். அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை. அவர் கையெழுத்தை அவர் ஏற்கனவே வெறுந்தாளின் கீழே போட்டுக் கொடுத்திருந்தார். மறுநாள் வேலைக்குப் போகும்போது தாம்பரத்தில் தபாலில் சேர்த்தேன். செய்தது தப்பு என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சடித்த வரிகளுக்குக் கீழே யாரோ ஒரு குமாஸ்தா பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தார். சுமார் நூற்றைம்பது அடி என்பது நீக்கப்பட்டு, தாங்கள் தெரிவித்த இரு அளவுகளும் குறிப்பில் சேர்க்கப்பட்டன. மீதித் துண்டை அளக்கத் தேவையில்லை.

அப்பா கடைசி வரியில் விரலை வைத்தார். "மீதித் துண்டு எங்க இருக்குன்னு இவங்களுக்கு யார் சொன்னது? நீ எழுதினியா?"

"ஆமா."

"எம் பேர்லயா?"

"ஆமா."

"நீளம் எதுவும் போட்டியா?"

"இல்ல. அளக்காம வெட்டிட்டேன்னுதான் எழுதினேன்."

அவர் கார்டை இன்னொரு முறை படித்தார்.

"அப்ப சரி" என்றார்.